கழுத்தில் தண்ணீர் குடித்த விசிறி வாழை

கட்டடத்துக்குள் விசிறி வாழையைக் கண்டால் என் விரல் சும்மா இருப்பதில்லை. போன மாதம் ஓய்வூதியம் வாங்கப் போன வங்கியில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தொட்டியில் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். என்னைவிட இரண்டு முழம் உயரம். வாழையா பனையா என்று தீர்மானிக்க முடியாத உடம்பு, இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக விரிந்த காம்புகள், ஒவ்வொரு காம்பின் முனையிலும் நீண்ட ஓர் இலை. நான் வரிசையை விட்டு விலகிப் போய், காம்பும் காம்பும் சேருகிற இடுக்கில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. காவலுக்கு நின்ற சீக்கியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிளாஸ்டிக் இல்லையம்மா, நிஜச் செடிதான் என்று மலாயில் சொன்னார். அதைத்தான் சோதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார், பாவம். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வரிசையில் மறுபடி கடைசி ஆளாகப் போய் நின்றேன்.

அந்த இடுக்கில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புத்தகத்தில் படித்தது வேறு. அதனால்தான் வினையே வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். அவர் பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் அண்ணன், அண்ணி, நான். வாசல் பக்கம் பத்தடி அகலம்தான் இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும், அந்த மாதிரி வீடு. நடுவில் ஒரு சின்ன முற்றம். அங்கே மட்டும்தான் வானம் தெரியும். நான் அப்போதுதான் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு கன்னிமார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அண்ணன் சானிட்டரி இன்ஸ்பெக்டர். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளைத் தொப்பி, நீளக் காம்பு வைத்த எனாமல் கரண்டி, தோளில் ஒரு பை. வீடு வீடாகப் போய், தண்ணீர் தேங்கியிருக்கிற இடத்தில் கரண்டியை விட்டு அள்ளிப் பார்ப்பார். கொசுப்புழு நெளிந்தால் ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்துக்கொண்டு நோட்டீஸ் எழுதுவார். அடுத்த தடவையும் நெளிந்தால் கோர்ட், அபராதம். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் சொந்த மீசையைக்கூட அளந்து பார்க்கிற ஆள்.

அண்ணி புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். நாள் முழுக்க ரயில் போகிற இடம் என்பதால் குரல் அதற்கு மேலே எழும்பிப் பழகியிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் சந்து முழுக்க அவருக்குச் சொந்தம் மாதிரி இருந்தது. எதிர்வீட்டுச் சீனத் தச்சரின் மனைவியோடு பாஷை தெரியாமலே ஒரு மணி நேரம் பேசுவார். நாலு வீடு தள்ளி அரிசிக் கடை வைத்திருந்த ராவுத்தரின் மனைவியோடு பேச்சு ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் சோறு குழைந்துவிடும். அந்த அம்மாவை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். பிறகு அண்ணனுக்கு எங்கள் வட்டாரத்தையே ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு நம் சந்து, நம் ஜனம் என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் புகுந்தார். ஒரே வருஷத்தில் சந்தில் பாதிப் பேர் நோட்டீஸ் வாங்கினார்கள். ராவுத்தர் வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்கு எறும்பு ஏறாமலிருக்க நாலு காலுக்கும் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் புழு இருந்தது. முதலில் நோட்டீஸ், பிறகு கோர்ட். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுஷரை ஒரு கிண்ணத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க வைத்தார் அண்ணன்.

அதற்குப் பிறகு சந்தில் யாரும் அண்ணியோடு பேசவில்லை. சண்டை எதுவும் போடவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். அண்ணி வாசலுக்கு வந்தால் எதிரே உள்ளவர்களுக்கு உள்ளே வேலை வந்துவிடும். பாசாருக்குப் போகும்போது அண்ணி மீன்காரனிடம் பேரம் பேசாமல் கதை பேசிவிட்டு வருவார். "வீட்ல ஒரு புருஷன், ஒரு டீச்சர். ரெண்டு பேரும் அளந்து அளந்து பேசுறீங்க. எனக்கு வாய் துருப்பிடிச்சிரும் போலிருக்கு" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு முடிந்த பிறகு முகம் என்னவோ மாதிரி ஆகிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் விசிறி வாழை வந்தது. கடலோரச் சாலையில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த அண்ணியின் உறவுக்காரர், தாய்மரத்தின் அடியில் முளைத்த கன்று ஒன்றை மண்ணெண்ணெய் டின்னில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். முழங்கால் உயரம், மூன்றே இலை. அண்ணி அதை ஒரு பழைய மரப் பீப்பாயில் நட்டு, முற்றத்து ஓரம், கூரைக்கு உள்ளே, கூடத்தில் வைத்தார். மழை விழுந்து பீப்பாய் நிரம்பிவிடும் என்பதால் முற்றத்தில் வைக்க அண்ணன் விடவில்லை. கூடத்தில் காற்று இல்லை, வெயில் இல்லை, மேலே இருந்து வழிந்து வருகிற வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்தைப் பார்த்து அது சாயும். சாயாமலிருக்க ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் மூன்று பேரும் சேர்ந்து பீப்பாயைக் கால்வட்டம் திருப்புவோம். அண்ணன் கோவிலுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் முட்டுக் கொடுப்பார். அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். சனிக்கிழமை சனிக்கிழமை ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பது என் வேலை. நாலு வருஷத்தில் அது மாடித் தரைப் பலகையைத் தொட்டுவிட்டது. வெளியில் வளர்கிற விசிறி வாழைக்கு இலை எல்லாம் காற்றில் கிழிந்து கந்தல் கந்தலாகத் தொங்கும். எங்கள் வீட்டில் காற்றே இல்லாததால் ஓர் இலைகூடக் கிழியாமல் முழுசாக நின்றது. அப்படி முழு இலையோடு ஒரு விசிறி வாழையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அண்ணிக்கு அதில் பெருமை. "பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி பட்டுப் புடவை கசங்காம நிக்கிறா" என்பார். மரத்தோடு பேசவும் ஆரம்பித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வீட்டில் மரம் வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பீப்பாய்க்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது, தட்டில் தண்ணீர் நிற்கும். அண்ணனே பீப்பாய் அடியில் துளை போட்டு, நாலு செங்கல் மேல் தூக்கி வைத்தார். ஊற்றுகிற தண்ணீர் அடி வழியாக ஒழுகிச் சிவப்புச் சிமெண்டுத் தரை முழுக்க ஓடியது. ஒருநாள் காலையில் அண்ணன் தொப்பியும் கரண்டியுமாக வழுக்கி விழுந்தார். எழுந்ததும் புதுச் சட்டம்: தட்டும் கூடாது, தரையில் ஈரமும் கூடாது. அண்ணி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இந்த மரத்தைப் பற்றிப் படித்திருந்தேன். பயணிகளுக்காகக் காம்பின் அடியில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும் மரம் என்று போட்டிருந்தது. அப்படியானால் தண்ணீரை வேரில் ஏன் ஊற்ற வேண்டும், காம்பின் அடியிலேயே ஊற்றினால் அது தானாக எடுத்துக்கொள்ளும், தரையும் நனையாது என்றேன். அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, கழுத்துல தண்ணி குடிக்கிற மரமா! டீச்சர்னா டீச்சர்தான் லா" என்றார். அன்று முதல் நீண்ட மூக்குள்ள தேநீர்க் கெட்டிலில் தண்ணீர் எடுத்து, முக்காலியில் ஏறி, ஒவ்வோர் இடுக்காக ஊற்றினார். ஒரு சொட்டு கீழே விழவில்லை. அண்ணன் காய்ந்த தரையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். வாரத்துக்கு இரண்டு தடவை மாதா சொரூபத்து முன்னால் இருக்கும் பூச்சாடித் தண்ணீரை மாற்றச் சொல்கிற மனுஷர், தலைக்கு மேலே பதினைந்து கிண்ணம் நிறையத் தண்ணீர் நிற்பதை நினைத்தே பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பட்டியலில் மரத்தின் கழுத்து இல்லை.

எங்கள் வீட்டுக்குள் அந்த நாட்களில் தைரியமாக நுழைந்த ஒரே ஜீவன் ராவுத்தர் வீட்டுக் கடைக்குட்டி. எட்டு வயதுப் பெண். பெரியவர்களின் கோபதாபம் அவளுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சட்டை செய்யவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் ஓடி வந்து, மரத்தடியில் பாயை விரித்து, தேங்காய்ச் சிரட்டையில் சோறு சமைத்து விளையாடுவாள். மாமி மாமி என்று அண்ணியின் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவாள். லாத்தா அவளைத் தடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அண்ணி லாத்தாவை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை கிளம்பிய பிறகு, அது என்ன சொன்னது, எப்படிச் சொன்னது என்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு ஒப்பிப்பார். தனக்கென்று பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் குழந்தையின் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஒரு சனிக்கிழமை. அண்ணி பாசாருக்குப் போயிருந்தார். நான் முக்காலியில் ஏறி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் இடுக்கு ஒன்றில் எதேச்சையாக எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் கமா போட்ட மாதிரி சின்னச் சின்னதாக நெளிந்தது. அண்ணன் கண்ணாடிக் குழாயில் கொண்டுவந்து எத்தனை தடவை காட்டியிருக்கிறார்! பார்த்த கணத்திலேயே என்னவென்று தெரிந்துவிட்டது. அடுத்த இடுக்கிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். சொன்னால் அண்ணன் அந்த நிமிஷமே மரத்தை வெட்டுவார். அண்ணிக்கு மரமும் போகும், மரத்தடியில் விளையாட வரும் குழந்தையும் போகும். ஊரையே கோர்ட்டுக்கு இழுத்த இன்ஸ்பெக்டரின் வீட்டில் புழு என்று சந்து கைகொட்டிச் சிரிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், யோசனை என்னுடையது. நான் ஒரு பெரிய கரண்டியை எடுத்து வந்து, எட்டிய வரைக்கும் அள்ளி அள்ளிச் சாக்கடையில் கொட்டினேன். அடியில் எட்டாததைத் துணியை விட்டு உறிஞ்சினேன். முடித்ததாக நினைத்துக்கொண்டு இறங்கி, கையைக் கழுவிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் அண்ணி வழக்கம்போலக் கெட்டிலோடு ஏறினார். அதையும் நான் தடுக்கவில்லை. என்ன காரணம் சொல்லித் தடுப்பது?

பத்து நாளைக்குள் சந்தில் காய்ச்சல் வந்தது. எலும்பை முறிக்கிற மாதிரி வலி எடுக்கும் காய்ச்சல். முதலில் சீனத் தச்சர் படுத்தார். இரண்டு வாரம் கழித்துக் கடைக்குட்டி படுத்தாள். மூன்றாம் நாள் இறங்கிய சூடு, ஐந்தாம் நாள் மறுபடி ஏறியது. அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸர், அதாவது டாக்டரின் உதவியாளர், வந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த "பார்க்கலாம்" சந்து முழுக்கப் பரவியது. அண்ணன் கரண்டியை எடுத்துக்கொண்டு எல்லா வீட்டையும் மறுபடி சல்லடை போட்டார். ராவுத்தர் வீட்டில் ஒன்றும் இல்லை. கோர்ட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து லாத்தா அந்த அலமாரிக் கிண்ணங்களில் தினமும் மண்ணெண்ணெய் ஊற்றி வந்தார். ஆனால் திரும்பும்போது அண்ணன் வாசலில் நின்று, "அன்னிக்கே அந்தக் கிண்ணத்தைக் கவுத்துப் போட்டிருந்தா இன்னிக்கு இப்படி ஆகியிருக்காது" என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாடம் சொல்வதாக நினைத்துச் சொன்னார். அதைக் கேட்ட லாத்தா தலையில் அடித்துக்கொண்டு, என் புள்ளயை நானே கொன்னுட்டேனே என்று அழுத அழுகை எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்டது. நாலு கிண்ணத்தையும் நடுச்சந்தில் போட்டு உடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாலு நாளாக அந்த அம்மா கண்ணை மூடவில்லை.

அந்த அழுகையைக் கேட்ட பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அடுப்படியில் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேல் இடுக்கு, புழு, கரண்டி, எல்லாம். அண்ணி என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, விறகு பிளக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கத்தியை ஓங்கினார். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

"வெட்டிட்டா என்ன ஆகும்? மரம் போச்சு, புழு போச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பொம்பள மட்டும் சாகுற வரைக்கும் கிண்ணம் கிண்ணம்னு அழுவா" என்றார். "வா, போவோம்."

"அண்ணன் வந்ததும் சொல்லிட்டு..." என்றேன்.

"அவருக்கு அப்புறம் சொல்லிக்கலாம். அவரு சட்டம் ஒரு மணி நேரம் காத்துக்கிட்டிருக்கட்டும்."

வாசலில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கினார். நடந்துகொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தார். "நீ வாயத் தொறக்கக் கூடாது. இந்தச் சந்துல பாதிப் புள்ளைங்க உன் ஸ்கூல்ல படிக்குதுங்க. டீச்சர் சொல்லித்தான் காய்ச்சல் வந்துச்சுன்னா நாளைக்கு யாரு அனுப்புவா? தண்ணி ஊத்துனது நான். கெட்டில் என் கையில இருந்துச்சு. அது பொய் இல்ல." பொய் இல்லைதான். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு வருஷமாக மிதிக்காத வாசலை அண்ணி மிதித்தார். அரிசிக் கடையில் ராவுத்தர் எழுந்து நின்றார். உள்ளறையில் குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. முகமெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்தது. லாத்தா தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி நேராகப் போய் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் முன்னுரை எதுவும் இல்லாமல் ஆரம்பித்தார்.

"லாத்தா, உங்க கிண்ணம் இல்ல. உங்க கிண்ணத்துல எத்தனையோ நாளா தினமும் எண்ணெய் ஊத்திக்கிட்டுத்தானே வந்தீங்க. என் வீட்டு மரத்துல புழு இருக்கு. காம்பு இடுக்குல நான்தான் தினமும் தண்ணி ஊத்தினேன். புள்ள மத்தியானம் பூரா அதுக்கு அடியிலதான் வெளையாடுச்சு. கொசு கடிச்சிருந்தா என் வீட்லதான் கடிச்சிருக்கும். என்ன வேணா சொல்லுங்க என்னை. உங்களை நீங்களே சொல்லிக்காதீங்க."

லாத்தா அண்ணியையே பார்த்தார். எந்தக் கொசு எந்த வீட்டில் பிறந்தது என்று ஆண்டவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எனக்கு இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் லாத்தாவின் முகத்தில் என்னவோ ஒன்று அவிழ்ந்ததைப் பார்த்தேன். "என் கிண்ணம் இல்லையா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். "இல்ல லாத்தா" என்றார் அண்ணி. லாத்தா இன்னொரு தடவை கேட்டார். அண்ணி இன்னொரு தடவை சொன்னார். பிறகு லாத்தாவின் தலை மெல்லச் சாய்ந்து அண்ணியின் தோளில் விழுந்தது. மயங்கிவிட்டார் என்று நான் பதறினேன். அண்ணி உதட்டில் விரலை வைத்தார். அந்த அம்மா தூங்கிவிட்டிருந்தார். கையிலிருந்த ஈரத்துணியை அண்ணி மெல்ல உருவி எடுத்து, ஒரு தோளில் தாயைத் தாங்கிக்கொண்டே, மறுகையால் குழந்தையின் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தபோது நான்தான் சோறு போட்டேன். அண்ணி வந்து சேர்ந்து, நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். பிசைந்த சோறு அண்ணன் கையிலேயே இருந்தது. அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். வேலை போய்விடும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. கையைக் கழுவினார், தொப்பியை மாட்டினார், கரண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆபீசுக்குப் போகிறார் என்று நினைத்தோம். அவர் போனது அரிசிக் கடைக்கு. போய், கரண்டியை ராவுத்தரிடம் நீட்டினார்.

"பாய், என் வீட்டை நான் பாக்க முடியாது. நீங்க வந்து பாருங்க."

ராவுத்தர் வந்தார். அவருக்குப் பின்னால் சந்தே வந்து எங்கள் வாசலில் நின்றது. அண்ணன் எப்படிச் செய்வாரோ அப்படியே அடுப்படியிலிருந்து ஆரம்பித்தார் மனுஷர். சாடி மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கு மூடி சரியா உக்காரல சார்" என்றார். அண்ணன், மாத்திடுறேன் பாய் என்றார். குளியலறைத் தொட்டி, சாக்கடை, மாதாவின் பூச்சாடி, ஒன்றையும் விடவில்லை. வாசலில் யாரோ சிரித்தார்கள். ராவுத்தர் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. கடைசியாக முக்காலியில் ஏறி இடுக்கில் கரண்டியை விட்டு அள்ளினார். வெள்ளை எனாமலில் நாலைந்து நெளிந்தன. நான் உறிஞ்சி எடுத்து முடித்ததாக நினைத்த லட்சணம் அதுதான். "இருக்கு சார்" என்று மெதுவாக, வாசலுக்குக் கேட்காத குரலில் சொன்னார். அண்ணன் நோட்டீஸ் புத்தகத்தை எடுத்துத் தன் பெயரையே எழுதினார். சாட்சிக் கையெழுத்துக்கு ராவுத்தரிடம் நீட்டினார். "இதெல்லாம் என்னாத்துக்கு சார்" என்று முனகிக்கொண்டே அவர் அரபு எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் விறகுக் கத்தியை எடுத்தார். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "இருங்க, இருங்க" என்றார் ராவுத்தர். "மரம் என்னா செஞ்சுச்சு? அதுவா தண்ணிய ஊத்திக்கிச்சு?" கடைக்கு ஆளனுப்பிக் கோணி ஊசியை வரவழைத்தார். அரிசி மூட்டை தைக்கிற ஊசி, ஒரு சாண் நீளம். ஒவ்வொரு காம்பின் அடியிலும் அதை இறக்கி உருவினார். ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்பாகத் தண்ணீர் பீறிட்டு வந்தது. அண்ணி ஓடிப் போய் வாளி எடுத்து வந்து பிடித்தார். எவ்வளவு தண்ணீர்! அன்றைக்குத் தரை முழுக்க ஈரம். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனிமேல் அதன் கழுத்தில் தண்ணீர் நிற்க வழியில்லை என்று சொல்லிவிட்டு, ஊசியைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ராவுத்தர் போனார்.

மறுநாள் விடியும்போது குழந்தைக்குச் சூடு விட்டிருந்தது. லாத்தாவே வாசலுக்கு வந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி, "தங்கச்சி, புள்ள கண்ணத் தொறந்துட்டா! பசிக்குதுங்கறா! உன் மரத்த வெட்டிட்டாங்களான்னு கேக்குறா!" என்று கத்தினார். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடினார். நான் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவ்வளவு நிம்மதியை நான் வாழ்க்கையில் அதற்குப் பிறகு இரண்டே தடவைதான் உணர்ந்திருக்கிறேன். சண்டை ஓய்ந்து ஜப்பான்காரன் போன நாள் ஒன்று. இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன். அண்ணனின் வேலையும் போகவில்லை. பெரிய துரை நோட்டீசைப் படித்துவிட்டு, பட்டியலின் கடைசியில் மரத்தின் காம்பு இடுக்கையும் சேர்க்கச் சொன்னார், அவ்வளவுதான். முதல் நோட்டீசுக்கு அபராதம் கிடையாது, ஆனாலும் அண்ணன் தானே கேட்டு, வரிசையில் நின்று கட்டினார். அவருக்கு முன்னால் நின்ற சீனத் தச்சர் திரும்பிப் பார்த்து ஒரு சிகரெட் நீட்டினாராம். அண்ணன் சிகரெட் பிடிக்காதவர். ஆனாலும் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சோறு அடிக்கடி குழைந்தது. மரம் மாடிப் பலகையை முட்டி வளைய ஆரம்பித்ததும், ஆறு பேர் சேர்ந்து தூக்கிக் கோவில் வளாகத்தில் கொண்டுபோய் நட்டார்கள். அதில் மூன்று பேர் ராவுத்தர் கடை ஆட்கள். முதல் வாரக் காற்றிலேயே இலையெல்லாம் கிழிந்து தொங்கியது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே பார்க்காமல் பூசைக்குப் போனார். கடைசி வரைக்கும் அவர் யாரிடமும் அந்த யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. சந்தில் யாராவது பேச்சு வாக்கில், உங்கண்ணி மரத்துக்குக் கழுத்துல தண்ணி ஊத்துன ஆளாச்சே என்று கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு டீச்சராகவே இருந்தேன்.

அண்ணி இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான் ஜெலுத்தோங் போனேன். லாத்தா அங்கே கடைக்குட்டி வீட்டில் இருந்தார். எண்பதை நெருங்கிவிட்ட வயது, முட்டி வலியால் பூசைக்கு வர முடியவில்லை. கடைக்குட்டி தேநீர் போட்டு வைத்துவிட்டுத் தன் பேரக்குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நாற்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை நான் எடுத்துச் சொன்னேன். தண்ணீர் ஊற்றச் சொன்னது நான். புழுவை முதலில் பார்த்தது நான். பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தது நான். அண்ணி எனக்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார்.

லாத்தா கண் சரியாகத் தெரியாததால் முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க பின்னால நின்னு அழுத அழுகையைப் பாத்தேன் டீச்சரம்மா. எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார். "ஆனா யாரு ஊத்துனான்னு நான் கேக்கவே இல்லையே. என் கிண்ணம் இல்லன்னு வந்து சொன்னீங்க. நாலு நாளா தூங்காதவ, அதோட தூங்கிட்டேன். அதுக்கு மேல எனக்கு என்னா வேணும்?"

பிறகு கோப்பையை என் பக்கம் தள்ளி, குடிங்க, ஆறிடும் என்றார். நான் குடித்தேன்.